ஜன்னல் வழியாக எவ்வளவு வெப்பம் போகிறது? ஏற்காடு, சேலம் வீடுகளுக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காட்டில் வீடோ தங்கும் விடுதியோ கட்டுகிறவர்களும், சேலத்தில் ஏசி அறைக்கு ஜன்னல் மாற்றுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். முதல் இரண்டு பதில்களைப் படித்துவிட்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

1. கடையில யு மதிப்பு, யு மதிப்புங்கறாங்களே, அது என்னங்க?

உள்ளுக்கும் வெளிக்கும் 1 டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, ஜன்னலின் 1 சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடந்து போகிறது என்பதுதான் யு மதிப்பு. எண் சிறிதாக இருந்தால் ஜன்னல் நன்றாகத் தடுக்கிறது என்று பொருள். ஒற்றைக் கண்ணாடிக்கு ஏறக்குறைய 5.7 முதல் 5.8 வரும். நடுவில் 12 மி.மீ. காற்று இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடிக்கு 2.8 அளவில் வரும். அதிலேயே லோ-ஈ பூச்சும் (வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு), நடுவில் காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயுவும் இருந்தால் 1.1 முதல் 1.4 வரை இறங்கும்.

1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் ஜன்னல், அதாவது கிட்டத்தட்ட நாலுக்கு நாலடி, 1.44 சதுர மீட்டர். வெளியே 10 டிகிரி குறைவாக இருக்கும் இரவில் ஒற்றைக் கண்ணாடி வழியே 5.75 × 1.44 × 10, அதாவது 83 வாட் போய்க்கொண்டே இருக்கும். இரட்டைக் கண்ணாடியில் அது 40 வாட்.

2. 4 எம்எம் கண்ணாடிக்குப் பதிலா 8 எம்எம் போட்டா குளிர் பாதியாகுமா?

ஆகாது. வெப்பத்தைத் தடுப்பது பெரும்பாலும் கண்ணாடி அல்ல, அதன் இரு பக்கமும் ஒட்டி நிற்கும் காற்றுப் படலம். கணக்கில் உள்பக்கப் படலத்தின் தடை 0.13, வெளிப்பக்கப் படலத்தின் தடை 0.04 என்று எடுப்பது வழக்கம். 4 மி.மீ. கண்ணாடியின் பங்கு வெறும் 0.004. மூன்றையும் கூட்டினால் 0.174. 1-ஐ இந்த மொத்தத் தடையால் வகுத்தால் யு மதிப்பு 5.75. இதுதான் முதல் கேள்வியில் சொன்ன எண்.

8 மி.மீ. போட்டால் மொத்தத் தடை 0.178, யு மதிப்பு 5.6. சத்தம் குறைய, காற்றழுத்தம் தாங்க, உடையாமல் இருக்கத் தடிமன் உதவும், குளிருக்கு உதவாது. இரட்டைக் கண்ணாடி வாங்கும்போது நீங்கள் காசு கொடுப்பது நடுவில் அசையாமல் நிற்கும் காற்றுக்கு. அந்த இடைவெளி 12 முதல் 16 மி.மீ. வரை இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் காற்று உள்ளுக்குள்ளேயே சுழன்று வெப்பத்தைக் கடத்த ஆரம்பிக்கும்.

3. ஏற்காட்டுல அப்படி என்ன குளிருங்க? இதெல்லாம் காஷ்மீருக்குத்தானே?

சேலம் கடல் மட்டத்திலிருந்து 278 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். மார்கழி, தை இரவுகளில் விடுதி அறைகளில் ஹீட்டர் ஓடுகிறது. அந்தக் கரண்டில் ஒரு பங்கு ஜன்னல் வழியே வெளியே போகிறது. ஆனால் மலையில் குளிரைவிடப் பெரிய தொல்லை, ஜன்னல் வியர்ப்பது.

அறைக்குள் 20 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், 14.4 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் தண்ணீர் படியும். வெளியே 10 டிகிரி இருந்தால் ஒற்றைக் கண்ணாடியின் உள்பக்கம் 12.5 டிகிரிக்கு இறங்கிவிடும். வழிகிற தண்ணீர் கீழ்ச் சட்டத்தில் தேங்கி, மரம் கறுத்து, சுவரில் பூஞ்சை பிடிக்கும். அதே இரவில் இரட்டைக் கண்ணாடியின் உள்பக்கம் 16.4 டிகிரியில் நிற்கும், வியர்க்காது. குளிர் தாங்கிக்கொள்ளலாம் என்பவர்களும் இதற்காகவே ஜன்னலை அளந்து பார்க்க வேண்டும்.

4. வீட்டுல இருக்கற ஜன்னலை நானே அளக்க முடியுமா? என்னென்ன வேணும்?

முடியும். மூன்று வெப்பநிலைகள் தெரிந்தால் போதும்: அறைக் காற்று, கண்ணாடியின் உள்பரப்பு, வெளிக்காற்று. அறைக் காற்றிலிருந்து கண்ணாடிப் பரப்பைக் கழியுங்கள். அதை, அறைக் காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, இரண்டாம் கேள்வியில் பார்த்த உள்பக்கப் படலத்தின் தடையான 0.13-ஆல் மறுபடி வகுங்கள். வருவது யு மதிப்பு. அறை 22, வெளியே 12, கண்ணாடி 14.5 என்றால்: 7.5-ஐ 10-ஆல் வகுத்தால் 0.75, அதை 0.13-ஆல் வகுத்தால் 5.77. ஒற்றைக் கண்ணாடி.

மூன்று சென்சார்களும் ஒரே வகையாக இருக்கட்டும். மெல்லிய மணி போன்ற தெர்மிஸ்டர் சிறந்தது. ஸ்டீல் குழாய்க்குள் வரும் சென்சார் கண்ணாடியை ஒரு கோடாகத்தான் தொடும், மீதிப் பக்கமெல்லாம் அறைக் காற்றில் இருக்கும். அதனால் கூடுதலாகக் காட்டும். அளக்கும் முன் மூன்றையும் ரப்பர் பேண்டில் கட்டி, பொடித்த ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்ட எவர்சில்வர் டம்ளரில் கலக்கிக்கொண்டே 10 நிமிடம் வையுங்கள். 0 காட்ட வேண்டும். எது எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அதைக் குறித்துவைத்து, பிறகு வரும் அளவுகளில் கழித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் மற்ற எல்லாம் வீண். 10 டிகிரி வித்தியாசத்தில் கண்ணாடி அளவு அரை டிகிரி பிசகினாலே யு மதிப்பு 0.38 மாறிவிடும்.

ஒரு சென்சாரைக் கண்ணாடியின் நடுவில், சட்டத்திலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி, பேப்பர் டேப்பால் அழுத்தி ஒட்டுங்கள். இரண்டாவதை அதே உயரத்தில் கண்ணாடியிலிருந்து 30 செ.மீ. தள்ளித் தொங்கவிட்டு, ஹீட்டர் பார்க்கும் பக்கம் அலுமினியம் ஃபாயில் மறைப்பு வையுங்கள். மூன்றாவது வெளியே, சுவரைத் தொடாமல், கூரை நிழலில். திரைச்சீலையை முழுக்க விலக்குங்கள். ஃபேன் வேண்டாம். ஹீட்டர் 3 மணி நேரமாவது ஓடி அறை நிலைப்பட்ட பிறகு, 10 நிமிடத்துக்கு ஒரு முறை விடியும் வரை பதிவு செய்து சராசரி எடுங்கள். ஹீட்டர் இல்லாமல் 3, 4 டிகிரி வித்தியாசத்தில் அளந்தால் எதுவும் தேறாது. வெயில் இருக்கும்போது அளக்கவே வேண்டாம்.

5. என்கிட்ட ஐஆர் கன் இருக்கு. கண்ணாடியை நோக்கி அமுக்கினா போதாதா?

தொடாமலே, பரப்பிலிருந்து வரும் வெப்பக் கதிரை வைத்து வெப்பநிலை காட்டும் கருவிதான் ஐஆர் கன். பொதுவாகக் கிடைக்கும் கன் 2 டிகிரி வரை தவறாகக் காட்டலாம் என்று அதன் காகிதத்திலேயே போட்டிருக்கும். மேலே சொன்ன கணக்கில் 2 டிகிரி தவறு என்றால் யு மதிப்பில் 1.5 தவறு. ஒற்றையா இரட்டையா என்பதைக்கூட அடித்துச் சொல்ல முடியாது.

கண்ணாடி இந்தக் கதிரைக் கொஞ்சம் பிரதிபலிக்கவும் செய்யும். நேர் எதிரே நின்றால் உங்கள் உடம்புச் சூடே அளவில் கலந்துவிடும். ரொம்பச் சாய்வாகப் பிடித்தால் பிரதிபலிப்பு இன்னும் கூடும். கண்ணாடியில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அரை மணி கழித்து அதன் மேல், சற்றே பக்கவாட்டில் நின்று அளந்தால் பரவாயில்லை. கன்னின் உண்மையான பயன் ஒப்பிடுவதில்: கண்ணாடி நடுவும் ஓரமும், சட்டமும் சுவரும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று ஒரு சுற்றில் காட்டிவிடும்.

6. அந்த 0.13-ஐ எப்படி நம்பறது? என் அறைக்கு அது வேறயா இருக்கலாமே?

நியாயமான சந்தேகம். அறைக் காற்று அசைவதைப் பொறுத்து அது மாறும். அதைத் தாண்ட ஒரு வழி உண்டு. அதே அறையில் ஏதாவது ஒரு ஜன்னலில் சாதாரண 4 மி.மீ. ஒற்றைக் கண்ணாடி இருந்தால், இரண்டையும் ஒரே நேரத்தில் அளங்கள். ஒற்றையின் யு மதிப்பு 5.75 என்று தெரியும். காற்றிலிருந்து கண்ணாடிக்கு வெப்பநிலை இறங்குவது ஒற்றையில் 7.2 டிகிரி, புதியதில் 3.7 டிகிரி என்றால், 5.75 × 3.7 ÷ 7.2 = 2.95. உங்கள் அறையின் படலம் எப்படி இருந்தாலும் இரண்டுக்கும் பொது என்பதால் அந்தத் தவறு பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

உள்பக்க முகத்திலேயே லோ-ஈ பூச்சு உள்ள கண்ணாடிக்கு மட்டும் இது பொருந்தாது. அதன் படலம் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

7. கண்ணாடி அளவு நல்லா வந்துச்சு, ஆனா அறை ஜில்லுனுதான் இருக்கு. ஏன்?

பெரும்பாலும் காற்றுக் கசிவு. மலை வீடுகளில் இதுதான் முதல் குற்றவாளி. ஆனால் எல்லோரும் கண்ணாடியைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் சுமார் 30 கன மீட்டர் காற்று இருக்கும். ஒரு கன மீட்டர் காற்றை 1 டிகிரி சூடாக்க 0.33 வாட்-மணி தேவை. மணிக்கு ஒரு தடவை முழுக் காற்றும் மாறினால், 10 டிகிரி வித்தியாசத்தில் 100 வாட் போகிறது. முதல் கேள்வியில் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் முழுக்க இழந்ததே 83 வாட்தான். கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய லூவர் வென்டிலேட்டர் இருக்கும் பழைய எஸ்டேட் பங்களாக்களில் காற்று இதைவிடப் பல மடங்கு மாறும்.

காற்றடிக்கும் இரவில் ஊதுபத்தியைக் கொளுத்தி, ஜன்னல் ஓரம் நெடுக மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக எழும் இடம் சரி. அறைக்குள் சாய்ந்து படுக்கும் இடம் ஓட்டை. அடுத்து, செய்தித்தாள் துண்டை ஜன்னல் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துக் கொண்டி போடுங்கள். இழுத்தால் கிழிய வேண்டும். வழுக்கி வந்தால் அங்கே ரப்பர் பீடிங் வேலை செய்யவில்லை. மரக் கதவை மழைக்காலத்தில் மட்டும் பார்க்காதீர்கள்: அப்போது ஊதி இறுகி நிற்கும், பங்குனி வாக்கில் சுருங்கி இடைவெளி தெரியும். ஸ்லைடிங் ஜன்னலில் பிரஷ் பட்டை தேய்ந்திருக்கும். வெளியே திறக்கும் கேஸ்மென்ட் ரப்பரில் அழுந்தி மூடுவதால் இந்த விஷயத்தில் பொதுவாக மேல்.

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சிமென்ட் பூசி விட்டிருந்தால் அது விரிசல் விட்டிருக்கும். சிலிகான் போட வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது: கரி அடுப்போ கேஸ் ஹீட்டரோ எரியும் அறையை ஒருபோதும் இறுக அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

8. அலுமினியம் சட்டத்துல டபுள் கிளாஸ் போட்டா பிரயோஜனம் உண்டா?

உண்டு, ஆனால் முழுப் பலன் கிடைக்காது. அதே 1.2 மீட்டர் ஜன்னலில் சுற்றிலும் 6 செ.மீ. சட்டம் என்றால், பரப்பில் 19 சதவீதம் சட்டம். வெப்பத்தடுப்புப் பட்டை இல்லாத சாதாரண அலுமினியச் சட்டத்தின் யு மதிப்பு 7 அளவில் இருக்கும். பரப்புக்கு ஏற்பக் கணக்கிட்டு, கண்ணாடி ஓரத்துப் பட்டை வழியாகப் போவதையும் சேர்த்தால், 2.8 கண்ணாடி போட்ட ஜன்னல் மொத்தமாக 3.7 ஆகிவிடும். உள்ளே பல வெற்று அறைகள் கொண்ட யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) சட்டம் 2.0 என்று வைத்தால் மொத்தம் 2.8-லேயே நிற்கும். தேக்குச் சட்டமும் ஏறக்குறைய யூபிவிசிக்குச் சமம். பழைய தேக்கைக் கழற்றி எறிய வேண்டாம்.

நான்காம் கேள்வியின் முறை கண்ணாடியின் நடுவை மட்டும்தான் அளக்கிறது. கண்ணாடி வியர்க்காமல் அலுமினியச் சட்டம் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் காரணம் இதுதான்.

9. ஒரு கேட்டலாக்ல யு மதிப்பு 0.30-னு போட்டிருக்கு. இது உலக அதிசயமா?

அமெரிக்க அலகு. அங்கே பிரிட்டிஷ் வெப்ப அலகு, சதுர அடி, ஃபாரன்ஹீட் கணக்கு. 5.68-ஆல் பெருக்குங்கள்: 1.7. நல்ல ஜன்னல்தான், அதிசயம் இல்லை. கூடவே, அந்த எண் கண்ணாடி நடுவுக்கா, முழு ஜன்னலுக்கா என்று எழுத்தில் கேளுங்கள். எட்டாம் கேள்வியில் பார்த்த வித்தியாசம் முழுக்க அந்த ஒரு வார்த்தைக்குள் ஒளிந்துகொள்ளும்.

10. லோ-ஈ கண்ணாடின்னு சொல்லி சாதாரணக் கண்ணாடியைத் தலையில கட்டிட்டா எப்படிக் கண்டுபிடிக்கறது?

இருட்டில் ஒரு லைட்டரைக் கண்ணாடி முன் பிடித்துச் சாய்வாகப் பாருங்கள். ஒவ்வொரு முகமும் ஒரு சுடரைக் காட்டும். இரட்டைக் கண்ணாடியில் நான்கு சுடர்கள். நான்கும் ஒரே நிறமாக இருந்தால் பூச்சு இல்லை. ஒன்று மட்டும் நிறம் மாறித் தெரிந்தால் அந்த முகத்தில் பூச்சு இருக்கிறது. ஆர்கான் இருக்கிறதா என்பதை இப்படிப் பார்க்க முடியாது.

11. சேலத்துல வாங்கின டபுள் கிளாஸ் ஏற்காட்டுக்கு வந்ததும் உப்பிப் போச்சு. குறையான சரக்கா?

சரக்கில் குறை இல்லை, உயரத்தின் வேலை. சமவெளியில் அடைத்து மூடிய காற்று, 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே வரும்போது, வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 14 சதவீதம் குறைந்திருக்கும். உள்ளே இருக்கும் காற்று இரு கண்ணாடிகளையும் வெளியே தள்ளும். மலைக் குளிரில் உள்காற்று கொஞ்சம் சுருங்குவதால் பாதிப்பு சற்றுக் குறையும், முழுக்கப் போகாது. பெரிய கண்ணாடி வளைந்து கொடுத்துவிடும். அதில் தெரியும் மரத்தின் பிம்பம் நெளியும், அவ்வளவுதான். ஆபத்து, ஒல்லியான சின்னக் கண்ணாடிகளுக்கு. அவை வளையாது, அழுத்தம் ஓரத்துச் சீலில் ஏறி, ஒன்று கண்ணாடி விரிசல் விடும், இல்லை சில மாதங்களில் சீல் விட்டு இரண்டுக்கும் நடுவில் பனி படரும். நடுவில் பனி கண்டால் அதைத் துடைக்க வழி இல்லை, யூனிட்டையே மாற்ற வேண்டும்.

ஆர்டர் கொடுக்கும்போதே பொருத்தும் இடத்தின் உயரம் 1,500 மீட்டர் என்று எழுதிக் கொடுங்கள். ஓரத்தில் மெல்லிய மூச்சுக் குழாய் வைத்து அனுப்பச் சொல்லலாம். மேலே வந்து அழுத்தம் சமமான பிறகு, தயாரிப்பாளர் சொல்லும் முறைப்படி அடைக்க வேண்டும். குழாய் திறந்திருக்கும் யூனிட்டில் ஆர்கான் தங்காது. அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

12. மாட்டறதுக்கு முன்னாடியே ஒரு சாம்பிளைச் சோதிக்க முடியுமா?

ஆய்வகத்தில் இதைச் சூடான பெட்டி, குளிர்ந்த பெட்டி இரண்டுக்கும் நடுவில் ஜன்னலை வைத்துச் செய்கிறார்கள். ஐஎஸ்ஓ 12567 அதற்கான முறை. அதன் சிறு வடிவத்தை வீட்டில் செய்யலாம். 10 செ.மீ. தடிமன் தெர்மோகோலில் உள்ளளவு 60 செ.மீ. கனசதுரப் பெட்டி. ஒரு முகத்தில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் திறப்பு. உள்ளே குண்டு பல்பு. அதன் கதிர் நேராகக் கண்ணாடியில் படாதபடி ஃபாயில் மறைப்பு. காற்றைக் கலக்க ஒரு கம்ப்யூட்டர் ஃபேன், ஒரு தெர்மோஸ்டாட், வெளியே பிளக்கில் வாட் மீட்டர்.

முதலில் திறப்பையும் தெர்மோகோலாலேயே மூடி, வெளியை விட 20 டிகிரி கூடுதலாக நிறுத்துங்கள். சராசரி 14 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் மூடிய பகுதி வழியே போவது 1.7 வாட்; பெட்டியின் சொந்த இழப்பு 12.3. இப்போது சாம்பிளைப் பொருத்துங்கள். 26.5 வாட் வந்தால், கண்ணாடி வழியே போனது 14.2. அதை 0.25 சதுர மீட்டராலும் 20 டிகிரியாலும் வகுத்தால் 2.84. ஃபேனின் வாட்டையும் சேர்த்துக் கணக்கிட மறக்காதீர்கள், அதுவும் வெப்பம்தான். ஃபேன் காற்று கண்ணாடியில் நேராக அடித்தால் உள்பக்கப் படலம் மெலிந்து எண் கூடிவிடும். சாம்பிளின் ஓரங்களில் தெர்மோகோல் துண்டு வைத்து டேப் ஒட்டாமல் விட்டால் அதைவிட அதிகமாகக் கூடும்.

13. ஹீட்டர் எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு பார்த்தே சொல்லிட முடியாதா?

முழு அறையும் எவ்வளவு இழக்கிறது என்று சொல்லலாம்; ஜன்னலை மட்டும் பிரிக்க முடியாது. கருங்கல் சுவர் பல மணி நேரத்துக்கு வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஜன்னலின் 40 வாட் மாற்றம் அதில் காணாமல் போகும்.

14. சேலத்துல மேற்கு ஜன்னல் நெருப்பாக் கொதிக்குது. டபுள் கிளாஸ் போடட்டுமா?

முதலில் நிழல். வெளியே 38, ஏசி அறை 26 என்றால் ஒற்றைக் கண்ணாடி வழியே வெப்பநிலை வித்தியாசத்தால் வருவது சதுர மீட்டருக்கு 69 வாட். சாயங்கால வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட் அடித்தால், சாதாரணக் கண்ணாடி அதில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடும்: 400 வாட். யு மதிப்பு இந்த இரண்டாவது எண்ணைச் சொல்வதே இல்லை. அதற்கு வெயில் வெப்ப ஈர்ப்புக் கெழு என்று தனி எண் உண்டு; சாதாரண இரட்டைக் கண்ணாடியில் அது கொஞ்சம்தான் குறையும். வெளியே மூங்கில் தட்டியோ படுதாவோ தொங்கவிடுவது உள்ளே திரை போடுவதை விட நல்லது, வெயில் கண்ணாடிக்கு வரும் முன்பே நின்றுவிடும்.

வீடுகளுக்கான மத்திய அரசின் ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018 இதனால்தான், குளிர்ப் பிரதேசம் அல்லாத இடங்களில் ஜன்னலைத் தனியாகப் பார்க்காமல், சுவர், ஜன்னல், வெயில் மூன்றையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று உச்ச வரம்பு வைத்தது.

15. ரெண்டு ராத்திரி அளந்தா ரெண்டு எண் வருது. எதை எடுத்துக்கறது?

வெளிப்பக்கப் படலம் காற்றால் மாறுகிறது. பலத்த காற்றில் அதன் தடை 0.04-லிருந்து 0.02 ஆனால் ஒற்றைக் கண்ணாடி 6.5 காட்டும், அசைவற்ற இரவில் 0.08 ஆனால் 4.7 காட்டும். இரட்டைக் கண்ணாடி இதே மாற்றத்துக்கு 3.0-க்கும் 2.5-க்கும் நடுவில்தான் ஆடும். நட்சத்திரம் தெளிவாகத் தெரியும் இரவில் கண்ணாடி வானத்துக்கே வெப்பத்தை இழப்பதால் எண் கூடும். மூடுபனி இறங்கிய, காற்றில்லாத இரவில் இந்த இழப்பு மிகக் குறைவு. ஏற்காட்டில் அந்த இரவுகளுக்குப் பஞ்சமில்லை.

துல்லியமாக வேண்டும் என்றால் வெப்ப ஓட்டத் தகடு ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டி, போகும் வாட்டை நேராகவே அளக்கலாம், அப்போது 0.13 தேவையே இல்லை. அந்த முறைக்கான ஐஎஸ்ஓ 9869, ஜன்னல் போன்ற எடை குறைந்த பகுதிகளுக்கு, சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து உதிக்கும் வரை உள்ள அளவுகளை மட்டும் எடுக்கச் சொல்கிறது. அடுத்தடுத்து மூன்று இரவுகளின் முடிவு 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போகும் வரை அளக்கச் சொல்கிறது. தகடு இல்லாதவர்களும் அதே விதியைப் பின்பற்றலாம். எந்த இரவு, காற்று எப்படி, வானம் எப்படி என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்தால், அடுத்த மார்கழியில் ஜன்னலை மாற்றிவிட்டு அளக்கும்போது ஒப்பிட ஒரு பிடி இருக்கும்.